கடை போர்டில் 60% கன்னடம்: அளப்பது எப்படி, செலவு யாருக்கு?

பெங்களூருவில் ஒரு மாலில் நீங்கள் துணிக்கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வாசலில் 10 அடி நீளம், 3 அடி உயரத்தில் போர்டு. கடையின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக, ஓரத்தில் கன்னடத்தில் சின்னதாக இருக்கிறது. இப்போதைய சட்டப்படி அந்த போர்டு செல்லாது. ஏன்? எப்படி மாத்தணும்?

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடகத்தில் ‘கன்னட மொழி விரிவான வளர்ச்சிச் சட்டம், 2022’ வந்தது. அரசு அல்லது உள்ளாட்சியின் அனுமதியோடு நடக்கும் கடைகள், ஓட்டல்கள், மருத்துவமனைகள் போன்றவற்றின் பெயர்ப் பலகையில் பாதியாவது கன்னடம் இருக்க வேண்டும் என்றது அதன் 17(6) பிரிவு. 2024-ல் வந்த திருத்தம் அதை 60 சதவீதமாக உயர்த்தியது. அதுவும் பலகையின் மேல் பகுதியில் வர வேண்டும். அதுக்காக ஆங்கிலத்துக்குத் தடை என்று அர்த்தமில்லை. கீழே மீதி இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

திடீர் வேகம் ஏன்?

2023 டிசம்பர் 27 அன்று கன்னட ரக்ஷண வேதிகே அமைப்பினர் பெங்களூருவில் ஊர்வலம் போனார்கள். வழியில் பல கடைகளின் ஆங்கில போர்டுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அமைப்பின் தலைவர் நாராயண கவுடா உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். 2024 பிப்ரவரி 28-க்குள் போர்டுகளை மாற்ற வேண்டும் என்று மாநகராட்சி கெடு வைத்தது. அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்ப, பிப்ரவரியில் சட்டப்பேரவையில் மசோதாவாகவே நிறைவேற்றினார்கள்.

60 சதவீதம் எதில்?

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உங்கள் போர்டு மொத்தம் 30 சதுர அடி. பரப்பளவில் கணக்குப் போட்டால் மேலே 18 சதுர அடி கன்னடத்துக்கு. அந்த இடத்தில் மெல்லிய எழுத்தில் கன்னடத்தை எழுதிவிட்டு, கீழே மீதி 12 சதுர அடியை ஆங்கிலத்தால் தடிமனாக நிரப்பினால்? அளவு சரிதான். ஆனால் ரோட்டில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆங்கிலம்தான். நிறுவனத்தின் சின்னத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வியும் எழும்.

மகாராஷ்டிரம் வேறு வழியில் போனது. அங்கே மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பதே விதி. 2022-ல் 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று நீதிமன்றம், இரண்டு மாதத்துக்குள் போர்டை மாற்றச் சொன்னது. அந்த விதியைச் சரிபார்க்க ஒரு ஸ்கேல் போதும், வாக்குவாதத்துக்கு இடம் குறைவு.

மாலில் கடை வைத்திருப்பவர் நிலை?

அவருக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள். எழுத்தின் உயரம், நிறம், விளக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் என்று மால் நிர்வாகம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும். மறுபக்கம், சட்டத்தை மீறினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 10,000, அதற்குப் பிறகு 20,000 வரை. உரிமமும் ரத்தாகலாம். பெரிய பிராண்டுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. போர்டையும் தலைமை அலுவலகமே மாற்றிக்கொடுக்கும். சின்னக் கடைக்காரருக்கோ ஒளிரும் எழுத்துப் பலகையைப் புதிதாகச் செய்வதே பெரிய செலவு. அளவு பிசகினால் இன்னொரு முறை செய்யணும்.

அப்படின்னா என்ன செய்யலாம்?

ஊர் மொழியில் போர்டு கேட்பது நியாயமான கோரிக்கைதான். பேருந்தை விட்டு இறங்கும் உள்ளூர்வாசிக்குக் கடைப் பெயர் படிக்கத் தெரியணும். ஆனால் விதியோடு ஒரு மாதிரிப் படமும் தர வேண்டும்: எழுத்தின் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு, சின்னம் எதில் சேரும், மாலின் உள்ளே இருக்கும் கடைக்கும் இதே அளவா என்று. புது போர்டு அடிக்கும் முன்பே வடிவத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவை முடிவு செய்வது ஆய்வுக்கு வரும் அதிகாரியாக இருக்கும். அதைவிட மோசமாக, கையில் கல்லோடு வரும் கூட்டமாக இருக்கும்.

நீங்கள் கடைக்காரர் என்றால் ஒன்று செய்யுங்கள்: போர்டு செய்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், வடிவத்துக்கு மால் நிர்வாகம், மாநகராட்சி இரண்டின் பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.