ஆண்ட்ரோமெடா வால்பேப்பர்ல மட்டும் போதுமா?

ஆண்ட்ரோமெடா படத்தை வால்பேப்பரா வச்சிருக்கீங்க, சரி. நேர்ல பார்த்திருக்கீங்களா? வெறும் கண்ணுக்கே தெரியும்.

தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகள். அந்த ஒளி கிளம்பினப்போ நம்ம மனித இனமே தோன்றலை. 1923-ல் எட்வின் ஹபிள் அதுக்குள்ள ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடிச்ச பிறகுதான், அது பால்வீதிக்கு வெளியே இருக்கிற தனி மண்டலம்னு உறுதியாச்சு.

வானத்துல அதோட முழு அகலம் பௌர்ணமி நிலாவைப் போல ஆறு மடங்கு. ஆனா ஹாஸ்டல் ஃப்ளட்லைட் வெளிச்சத்துல அதோட நடுப்பகுதிகூடத் தெரியாது.

பாதுகாப்புக்கு விளக்கு கண்டிப்பா வேணும். அது தரையைப் பார்க்கட்டும். வானத்தைப் பார்க்க வேண்டியது நாம. விளக்குக்கு மேல்மூடி போடச் சொல்லி நிர்வாகத்துக்கிட்ட மனு கொடுப்போம். மார்கழியில் ராத்திரி ஏழரைக்கு மொட்டைமாடி ஏறுங்க. வடக்கே மங்கலா ஒரு வெள்ளைத் திட்டு தெரியணும்.