நைட் ஷிப்டுக்கு யார் பொறுப்பு?
கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருக்கும் என் மாணவச் செல்வங்களே!

150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி; அதன் பொறுப்பாளர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர், வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவர். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவிலேயே அன்று இதை எழுதியிருந்தார்கள்.

நடப்பது என்ன? சான்றிதழ் வாங்கியவர் பகலோடு வீட்டுக்குப் போய்விடுவார். நைட் ஷிப்டில் பெட்டிச் சாவிகூட இருக்காது.

பயிற்சியாவது ஒழுங்கா? படம் போட்டுக் காட்டி, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள். பொம்மையின் நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திப் பார்க்காதவருக்கு எதற்குச் சான்றிதழ்? கரும்பலகையில் நீச்சல் சொல்லித்தந்த கதைதான்!

"செலவாகும் டீச்சர்" என்கிறான் ஒருவன். ஆயுத பூஜைக்கு ஆகிற செலவைவிடவா கண்ணு?

அடுத்த பயிற்சிக்கு உன் பெயரைக் கொடு. நைட் ஷிப்ட் ஆள் ஒருவர் பெயரையும் சேர்த்துக் கொடு.