கைத் தழும்பும் ஐந்தில் ஒரு பங்கும்

என் இடது மேற்கையில் ஒரு பழைய தழும்பு உண்டு. ஊரில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறையில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசி. கனடாவில் பிறந்த என் மகளுக்கு இல்லை. இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடுவதில்லை. "மற்ற ஊசியெல்லாம் தழும்பாகவில்லையே, இது மட்டும் ஏனப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

மற்றவை பெரும்பாலும் தசைக்குப் போகின்றன. பி.சி.ஜி. தோலுக்குள்ளேயே போடப்படுகிறது. வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியோடு தோலின் காவல் செல்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியதன் மிச்சம்தான் தழும்பு.

அந்தக் காவலர்களை முதலில் பார்த்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1868இல், பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தங்க உப்பால் சாயமேற்றிய மனிதத் தோலில் கிளை விரித்த செல்களைக் கண்டார். நரம்பைச் சேர்ந்தவை என்று நினைத்தார். 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் டெண்ட்ரைட்டிக் செல்களை அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் தோலில் இருப்பவையும் அதே வேலையைச் செய்பவை என்பது தெளிவானது. நுழையும் அந்நியனைப் பிடித்து, அதன் அடையாளத்தை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அந்த வேலை. தடுப்பூசி பலிப்பது அங்கேதான் தொடங்குகிறது.

தசையில் இவை குறைவு. தோலில் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே தோலுக்குள் போட்டால் குறைந்த மருந்தே போதும். வெறிநாய்க்கடி ஊசி பல நாடுகளில் இப்படித்தான் சிக்கனப்படுத்தப்பட்டது. 2016இல் போலியோ ஊசி மருந்துக்கு உலகளவில் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியா 0.5 மி.லி.க்குப் பதிலாக 0.1 மி.லி.யைத் தோலுக்குள் போடத் தொடங்கியது. இப்படி இரண்டு தவணை போட்டால், ஒரேயொரு முழுத் தவணையைவிட நல்ல பலன் கிடைக்கிறது. 2022இல் எம்பாக்ஸ் பரவியபோது அமெரிக்காவும் அதே ஐந்தில் ஒரு பங்கு வழிக்கு வந்தது.

பின் ஏன் எல்லா ஊசிகளையும் இப்படிப் போடுவதில்லை? பல தடுப்பூசிகளில் சேர்க்கும் அலுமினிய உப்பு தோலைப் புண்ணாக்கும். இன்னொன்று கைப்பழக்கம். ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் செலுத்த வேண்டும். சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். அழுது திமிறும் குழந்தையிடம் இது எளிதல்ல. மூன்றாவது காரணம் என் கணிப்பு: ஒருவருக்கான மருந்தை ஐவருக்குப் போடலாம் என்பது ஏழை நாட்டு அரசுக்கு நற்செய்தி, விற்பவருக்கு அப்படியல்ல.

கைப்பழக்கச் சிக்கலுக்கு விடை ஓரளவு வந்துவிட்டது. மிகச் சிறிய நுண்ணூசிகள் பதித்த ஒட்டு ஒன்றில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பு மருந்தை வைத்து காம்பியாவில் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2024இல் லான்செட்டில் வந்த முடிவுகள், ஊசிக்கு இணையான எதிர்ப்பாற்றலைக் காட்டின. இதன் அருமை கிராமத்துச் செவிலியருக்குத்தான் தெரியும். பத்துப் பேருக்கான தட்டம்மைக் குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வந்திருப்பது ஒரே குழந்தை என்றால், திறப்பதா, திருப்பி அனுப்புவதா? ஒட்டுக்கு இந்தத் தயக்கம் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், தோலில் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியாவை மாற்றியமைத்து எலியின் மேல் தடவியே டெட்டனஸ் நச்சுக்கு எதிர்ப்பை உண்டாக்கியதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நீளம்.

ஆனால் காம்பியாவின் ஒட்டு அவ்வளவு தொலைவில் இல்லை. 2023இல் மட்டும் தட்டம்மை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது; பெரும்பாலும் ஏழை நாட்டுக் குழந்தைகள். ஒட்டுக்குப் புதிய தொழிற்சாலை வேண்டும். வாங்குவோம் என்று அரசுகள் முன்பே உறுதி தராமல் யாரும் கட்டமாட்டார்கள். இதுவரை தட்டுப்பாடு வந்தபோதுதான் தோலை நினைத்தோம். அடுத்த தட்டுப்பாட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே அந்த உறுதியைத் தருவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.