கழுவாத கைகள்



வியன்னா பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். படித்தவர்கள் கை வைத்த இடத்திலேதான் சாவு மிகுந்திருந்தது. 1846-ஆம் ஆண்டில் முதற் பிரிவில் 4,010 தாய்மாருள் 459 பேர் மாண்டனர். இரண்டாவதில் 3,754 பேருள் 105 பேர். பிரசவக் காய்ச்சல்தான் பெரும் எமன். முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமெனக் கர்ப்பிணிகள் முழந்தாளிட்டு மன்றாடினார்களாம்.

அங்கே உதவி மருத்துவராயிருந்தவர் ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செம்மல்வைஸ். அவர் காரணம் தேடிய வழியில் ஒரு குருவானவரும் வருகிறார். மரணத் தறுவாயிலிருந்தோருக்கு அருட்சாதனங்கள் அளிக்கச் செல்கையில், முதற் பிரிவிலே அவர் ஐந்து அறைகளைக் கடந்து செல்ல வேண்டும். முன்னே ஒருவர் மணி ஒலித்துச் செல்வார். அம்மணியோசையின் அச்சமே நோயை உண்டாக்குகிறதோ என்று மருத்துவர் ஐயுற்றார். மணியின்றிச் சுற்றுவழியாக வருமாறு வேண்டினார். குருவும் மறுப்பின்றி இணங்கினார். வழக்கத்தை விட மாட்டேனென்று வாதாடாத அவரை நான் மெச்சுகிறேன். ஆயினும் சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில், செம்மல்வைசின் நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலிற் பட்டு, அதனால் இறந்தார். அவர் உடலிற் காணப்பட்ட குறிகள் அத்தாய்மாரின் உடலிற் கண்டவையே. உண்மை துலங்கிற்று. பிணத்தை அறுத்த கையுடனேயே மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தனர். அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் (நாம் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர்தான்) கை கழுவிய பின்னரே எவரும் உள்ளே வரலாமென அவர் விதித்தார். 1848-இல் அதே பிரிவில் 3,556 தாய்மாருள் இறந்தோர் 45 பேரே.

உலகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. உயிர் காக்கும் எம் கைகளா கொன்றன எனப் பல மருத்துவர்கள் சினந்தனர். 1865-இல், தம் 47-ஆம் வயதில், மனநோயாளர் இல்லமொன்றில் அவர் உயிர் நீத்தார்.

அச்சினம் இன்றும் நம்மிடம் உண்டு. "என் பிள்ளையைத் தொட நான் கை கழுவ வேண்டுமா?" என்று கேட்கும் பாட்டிமார் எத்தனை பேர்! உலக நல நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையிற் சேரும் நூறு பேரில், செல்வ நாடுகளில் 7 பேரும் ஏனைய நாடுகளில் 15 பேரும் அங்கேயே ஒரு புதிய தொற்றைப் பெறுகின்றனர். இதற்கு மருத்துவமனை பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கச் செல்லும் நாமும் கைகளோடுதான் செல்கிறோம்.

தீவிர சிகிச்சை அறையின் வாயிலிலே செருப்பைப் பயபக்தியுடன் கழற்றுகிறோம், கையைக் கழுவுவதில்லை. நோயாளியின் கட்டிலிலேயே அமர்கிறோம். சிறுநீர்ப் பை இடைஞ்சலாயிருக்கிறதென்று அதைத் தூக்கி மெத்தைமேல் வைக்கிறோம். அது எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே, தரையிற் படாமல் தொங்க வேண்டும்; மேலே வைத்தால் சிறுநீர் திரும்பிச் சென்று தொற்றை விளைவிக்கும். பச்சிளங் குழந்தையைக் கைக்குக் கை மாற்றி முத்தமிடுகிறோம். குணசாலியான பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைக்கும் வழக்கமும் நின்றபாடில்லை. அவர் குணம் நல்லதே. விரலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம், தாய்ப்பால் போதும்.

சளியும் காய்ச்சலும் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே செபிக்கலாம். நோயாளிக்கு அது பேருதவி. செல்பவர்கள் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும், கட்டிலையோ மேசையையோ தொட்ட பின்னரும் கை கழுவுங்கள். சோப்பும் தண்ணீருமானால் ஒரு நிமிடம் வரை. வாயிலில் வைத்திருக்கும் சாராயக் கரைசலானால், கை உலரும்வரை அரை நிமிடம் தேய்த்தால் போதும். கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் சோப்புதான் வேண்டும்.

ஊசி போட வரும் தாதியிடம், "அம்மா, கை கழுவிவிட்டீர்களா?" என்று பணிவாகக் கேட்பது அவமரியாதையன்று. நோயில் பூசுதல் அளிக்க வரும் குருவிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அவர் வருமுன் ஒரு செம்பில் தண்ணீரும், சோப்பும், வெளுத்த துண்டும் எடுத்து வைத்துவிட்டால் கேட்க வேண்டிய சங்கடமும் இராது.