ஏரி போயிற்று, ஏரியா வந்தது

திருப்பூரில் பேருந்தை விட்டு இறங்குபவரைத் தானி ஓட்டுநர் கேட்கும் முதற் கேள்வி, “எந்த ஏரியா?” என்பது. வேலை கேட்டுச் செல்பவரை மேலாளர் வினவுவதும் அதுவே. பின்னலாடைத் தொழிலகத்தின் உள்ளே நுழைந்தால் ‘கட்டிங் ஏரியா’, ‘பேக்கிங் ஏரியா’, ‘பார்க்கிங் ஏரியா’ எனச் சுவர்தோறும் அச்சொல்லே வீற்றிருக்கின்றது. மனை விற்பவர் ‘நல்ல ஏரியா’ என்கின்றார். வாடகைக்கு வீடு தேடுபவர் ‘தண்ணீர் வராத ஏரியா’ என்று தயங்குகின்றார். ஊர், தெரு, பக்கம், வட்டாரம், பரப்பு, கூடம் எனத் தமிழில் தனித்தனியே நின்ற பொருள்கள் அத்தனையையும் அயற்சொல் ஒன்று வாரி விழுங்கிவிட்டது.

அச்சொல்தான் எத்தகையது? ஆங்கிலத்திற்கே அது பிறந்த வீட்டுச் சொல்லன்று. இலத்தீனத்திலிருந்து பெற்ற கடன். இலத்தீனத்தில் அது வெற்று நிலத்தையும், கதிரடிக்கும் களத்தையும் குறித்தது. ஆம், களத்தையே! நெற்களம், ஏர்க்களம், போர்க்களம், அவைக்களம் என்று தமிழன் தன் களத்தை எத்துணை விரிவாக வழங்கியிருக்கின்றான்! உரோம நாட்டு உழவன் தன் களத்துக்கு இட்ட பெயரை ஆங்கிலன் கடன் வாங்கினான். தன் களத்தைத் துறந்த தமிழன் அக்கடனைக் கடனாகப் பெற்றான். ‘பிளேசு’ என்பதும் இத்தகையதே. அது கிரேக்கத்தில் அகன்ற தெருவைக் குறித்த சொல்லின் வழிவந்தது. வெட்டும் இடத்தை ‘வெட்டுக்களம்’ என்றெழுதினால் போர்க்களம் போலிருக்கிறதே என்று நகைப்பர் சிலர். நகைக்கட்டும். ‘கட்டிங் ஏரியா’வுக்கு நகையாதவர் வெட்டுக்களத்துக்கு நகைப்பதுதான் அடிமையுளம்.

தமிழில் இடத்தைக் குறிக்கச் சொல்லில்லை என்று எவரும் சொல்லிவிட இயலாது. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளைக் காட்டத் தொல்காப்பியர் பத்தொன்பது சொற்களை நிரல்படுத்தி, இவைபோன்ற பிறவும் உண்டென்று கூறி மேற்செல்கின்றார். நன்னூலார் காலத்தில் அவ்வெண்ணிக்கை 28 ஆயிற்று. திவாகரம் இடப்பெயர்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கியது. உழை வேறு, புடை வேறு, சார் வேறு, அயல் வேறு. ஒரு பொருளுக்கு அருகில் இருப்பதையும் அதனை ஒட்டி இருப்பதையும் வேறுபடுத்திக் கண்ட கண் அது.

நூல்களை விடுக, கொங்கு உழவரின் வாயைக் கேட்க. அங்கே ‘காடு’ என்பது மரமடர்ந்த கானகம் அன்று. மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலம். ‘தோட்டம்’ என்றால் கிணற்று நீர் பாய்வது. ‘வயல்’ என்றால் வாய்க்கால் நீரோ குளத்து நீரோ பாய்வது. சொல்லைக் கேட்ட அளவில் நீர் எங்கிருந்து வருகின்றது என்பது விளங்கிவிடும். தோட்டத்தின் நடுவே இருக்கும் குடில் சாளை. இருபுறமும் வேலி நிற்க நடுவே செல்லும் வழி இட்டேரி. கல்லும் முள்ளுமாய் உயர்ந்து நிற்பது கரடு. ஓரிடத்திலிருந்து பெயர்ந்து வந்தோர் குடியேறியது வலசு. மழைநீர் ஓடி நொய்யலில் சேரும் தாழ்வழி பள்ளம். ‘புறம்போக்கு’ என்பது இன்று வசைச்சொல். அதன் முறையான பொருளோ தீர்வைக்குப் புறம்பாக ஊர்ப் பொதுவில் விடப்பட்ட நிலம். பொதுநிலத்தின் பெயர் வசையாகிவிட்ட ஊரில் பொதுநிலம் எஞ்சுவது எப்படி?

பள்ளம் என்னும் சொல்லில் ஓர் எச்சரிக்கை இருந்தது. ‘அது பள்ளம்’ என்று பாட்டன் சொன்னால் அங்கே வீடு கட்டலாகாது என்பதும் அதனுள் அடங்கும். திருப்பூர் நகரின் ஊடே சங்கிலிப்பள்ளமும் சம்மனைப் பள்ளமும் ஓடுகின்றன. தொழில் பெருகப் பெருக, வேறிடம் வாய்க்காத ஏழைத் தொழிலாளர் அவற்றின் கரையை அடுத்துக் குடியேறினர். 2011 நவம்பரில் ஒரே இரவில் பெய்த பெருமழையில் அப்பள்ளங்கள் தம் பெயருக்கேற்பப் பெருகின. வீடுகள் போயின, உயிர்களும் போயின. நீர் தன் வழியை மறக்கவில்லை; மக்களிடமிருந்து அவ்வழியின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. ‘லோ ஏரியா’ என்று சொல்லி வாடகையைக் கொஞ்சம் குறைத்தனரேயன்றி, அது பள்ளம் என்று எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

கொங்குநாட்டில் ஏரி என்பதைவிடக் குளம், குட்டை என்பனவே பெருவழக்கு. ஆயினும் கதை ஒன்றே. குட்டை தூர்ந்து மனைப்பிரிவாகும். மனைப்பிரிவுக்குக் ‘கார்டன்’ என்றும் ‘சிட்டி’ என்றும் பெயர் சூட்டப்படும். மாறாக, நஞ்சராயன் குளம் பெயரோடும் நீரோடும் தப்பியது. 2022இல் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

அரசும் ஒரு முயற்சி செய்து பார்த்தது. 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டுச் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கினைக் காடு, தோட்டம், பள்ளம் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுப்பதில் காட்டியிருக்கலாம்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தைப்போரைச் சிலர் இதில் குறைகூறுகின்றனர். அது முறையன்று. அவர்கள் வந்த சில திங்களில் ‘ஏரியா’ என்று சொல்லப் பழகுவது நம்மவரிடமிருந்துதான். நம்மவர் வாயில் வழங்காத சொல்லை அவர்கள் எவரிடம் கற்பர்?

திருப்பூர் வட்டாரத் தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழைய நில ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. நான்கெல்லை கூறும் இடத்தில், கிழக்கே இட்டேரி, தெற்கே பள்ளம், மேற்கே இன்னார் காடு, வடக்கே ஊர்க்களம் என்றிருக்கும். அந்நிலத்தையே அண்மையில் மனையாக்கி விற்ற ஆவணத்தில் நான்கெல்லையும் மனை எண்களும் 30 அடிச் சாலையுமாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, பழைய பெயர்களை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்.