எந்த அளவு நல்ல அளவு?

முதுமையிற் கை நடுங்கத் தொடங்கினால், "வயது போய்விட்டது, வேறென்ன?" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆயின் நடுக்கமெல்லாம் முதுமையின் குணமன்று. 1817 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர், நடுங்கும் கையும் கூனிய உடலுமாகத் திரிந்த ஆறு பேரை அவதானித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரால் இன்று வழங்கும் அந்நோயையே நாம் நடுக்குவாதம் என்கிறோம். மூளையின் ஆழத்தில் டோப்பமின் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதனால் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை தளர்கிறது, கையெழுத்தும் சிறுத்துப்போகிறது.

1960 களில் வந்த லெவோடோப்பா என்னும் மருந்தே இன்றும் இந்நோய்க்கு முதன்மையான துணை. எனினும் ஆண்டுகள் பல சென்றபின், சிலருக்கு அம்மருந்து ஒருபொழுது கைகொடுக்கும், மறுபொழுது கைவிடும், வேண்டாத அசைவுகளையும் உண்டாக்கும். அத்தகையோரிற் சிலருக்கு வேறொரு வழி உண்டு. அதனைக் குறித்தே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

பிரான்சு தேசத்துக் கிறெனோபிள் நகரில், 1987 ஆம் ஆண்டு, அலிம் லூயி பெனாபிட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நடுக்கத்துக்குக் காரணமான மூளைப் பகுதியைச் சுட்டழிக்கு முன் அவ்விடத்தை மின்துடிப்பினாற் சோதித்தார். துடிப்பு செக்கனுக்கு நூறளவில் விரைந்தபோது நடுக்கம் நின்றுவிட்டது. சுட்டழித்தது மீளாது, மின்துடிப்பையோ வேண்டும்போது கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவுஞ் செய்யலாம். எனவே கம்பியை மூளையிலேயே விட்டுவைக்கும் வழி பிறந்தது. 1993 இல் அவரும் நரம்பியல் வைத்தியர் பியர் பொல்லாக்கும் தம் குழுவினரோடு, கடலை மணியளவேயான வேறொரு நரம்புக்கணுவில் அக்கம்பியை வைத்து, நடுக்கத்தோடு விறைப்பையும் மந்தத்தையுந் தணித்தனர். மார்பின் தோலுக்கடியில் மின்கலத்தோடு கூடிய சிறு பெட்டி ஒன்று, அதிலிருந்து கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் மெல்லிய கம்பி, இவ்வளவே கருவி.

சத்திரசிகிச்சையோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், நோயாளியின் வாழ்வைத் தீர்மானிக்கும் வேலை அதன்பின்னரே தொடங்குகிறது. கம்பியின் நுனியில் நான்கோ அதற்கு மேற்பட்டனவோ மின்முனைகள் உண்டு. எந்த முனையால் மின்னைச் செலுத்துவது, எவ்வளவு விசை, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம், செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்னும் நான்கையும் வைத்தியர் வெளியிலிருந்தே ஒரு கருவியால் அமைக்கிறார். செக்கனுக்கு 130 துடிப்பு, ஒவ்வொன்றும் செக்கனின் பத்து இலட்சத்தில் 60 பங்கு நேரம் என்பது வழக்கமான தொடக்கம். அதற்கப்பால் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அளவமைக்கும் நாளில், முதல்நாள் இரவிலிருந்தே மருந்தை நிறுத்திவிட்டுக் காலையில் வரும்படி நோயாளியிடஞ் சொல்வர். வைத்தியர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அசைத்தபடியே விசையைப் படிப்படியாகக் கூட்டுவார். விறைப்புத் தளர்வது விரைவிலேயே கைக்குப் புலப்படும். விசை மிகுந்தால் நாக்குழறும். முகம் ஒரு பக்கம் இழுக்கும். கையில் ஊசி குத்துவது போலிருக்கும். பயன் தொடங்கும் இடத்துக்கும் தீங்கு தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள எல்லையைத் தேடுவதே அவர் தொழில். நடையின் மாற்றந் தெரியச் சிலவேளை நாட்கள் செல்லும். ஆதலால் இத்தேடல் மாதக்கணக்கில் நீள்வதுண்டு. வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் தம் செவியையே நம்புவார். இங்கோ வைத்தியர் பிறரொருவரின் உணர்ச்சியைக் கேட்டுச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது.

அவ்வுணர்ச்சி கையிலும் காலிலும் மட்டுமன்று. 1999 இல் பாரிஸ் வைத்தியர்கள் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டனர். மனச்சோர்வு என்பதையே முன்னர் அறியாத 65 வயதுப் பெண்ணொருவருக்குக் கீழ்முனை ஒன்றில் மின்னைச் செலுத்தியதும், சில செக்கன்களில் முகம் வாடி, வாழ்வே வேண்டாமென்று அழத் தொடங்கினார். மின்னை நிறுத்தியதும் ஒன்றரை நிமிடத்துக்குள் அத்துயரம் மறைந்துவிட்டது. அவருடைய நோயைத் தணித்த முனை, அதற்கு 2 மில்லிமீற்றர் மேலேதான் இருந்தது. ஒரு நெல்மணியின் தடிப்பே அவ்விடைவெளி!

இதனினும் கடினமான வரலாறு ஒன்று 2004 இல் ஒல்லாந்து வைத்திய ஏட்டில் வெளிவந்தது. 62 வயதான ஒருவருக்குக் கருவி இயங்கினால் உடல் நன்றாக அசைந்தது; ஆனால் மனமோ கட்டுக்கடங்காத வெறிநிலையில் நிதானமிழந்தது. மருந்தாலும் அது தணியவில்லை. கருவியை நிறுத்தினால் மனந் தெளிந்தது; உடலோ பிறர் துணையின்றி இயலாதபடி முடங்கிற்று. வைத்தியர்கள் என்ன செய்தனர்? கருவியை நிறுத்தி, அவர் தெளிந்திருந்த வேளையிலே அவரையே கேட்டனர். கருவி இயங்கட்டும், மனநோய் வைத்தியசாலையில் வாழ்கிறேன் என்று அவர் விடையளித்தார். அவ்விருப்பத்தையே வைத்தியர்களும் ஏற்றனர்.

அவர் இடத்தில் நாம் இருந்தால் வேறு முடிவு செய்திருப்போம் என்று சிலர் எண்ணலாம். நமக்கும் அந்த எண்ணம் எழுந்ததுண்டு. ஆயினும் அவருடைய வாழ்வுக்கு எது பெரிது என்பதை அவரன்றி யார் சொல்ல வல்லார்? குரல் தெளிவாயிருந்தால் கை சற்று நடுங்கலாம். கை நிலைத்தால் குரல் சற்றுத் தளரலாம் என்னும் நிலை இந்நோயாளர் பலருக்கு வருகிறது. ஆசிரியர் குரலைக் கேட்பார். தச்சர் கையைக் கேட்பார். இருவரும் சொல்வது சரியே.

மூளையின் மின்னலைகளை அறிந்து, விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. நல்ல முன்னேற்றந்தான். அங்கேயும் எந்த எல்லைக்குள் அது இயங்கலாம் என்பதை வைத்தியரே வகுக்க வேண்டும். கருவி நோயை மாற்றுவதுமில்லை. நோய் தன் வழியே செல்ல, நாளைச் சற்று இலகுவாக்குகிறது.

ஆகவே இத்தகைய நோயாளியோடு வைத்தியரிடஞ் செல்லும் மக்களுக்கும் மனைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் அவர் எந்த வேளையில் நன்றாக நடந்தார், எப்போது தடுமாறினார், நித்திரை எப்படி, காரணமில்லாத கோபமோ, அழுகையோ, கண்மூடித்தனமான செலவோ உண்டா என்பனவற்றை ஒரு கொப்பியிற் குறித்துச் செல்லுங்கள். வைத்தியர் அவரிடங் கேள்வி கேட்கும்போது மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு விடையளியாதீர்கள். அவருடைய பேச்சு மெதுவாகத்தான் வரும். வரும்வரை காத்திருங்கள்.