தேய்ந்த கத்தியின் கணக்கு

எங்கள் வீட்டில் ரப்பர் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று உண்டு. உரம், மழைமறைப்பு பிளாஸ்டிக், அதை மரத்தில் ஒட்டும் பசை, பாலை உறையவைக்கும் ஆசிட், சிரட்டை, வெட்டுக்கூலி என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் இருக்கிறது. ஷீட் விற்ற நாளும் எடையும் விலையும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சென்ற ஆண்டு கிசான் கிரெடிட் கார்டைப் புதுப்பிப்பதற்காகச் செலவு விவரங்களைத் தொகுத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தோம். இத்தனை ஆண்டு நோட்டுகளில் பால்வெட்டும் கத்திக்கு ஒரு வரிகூட இல்லை. தோட்டத்தின் வருமானம் முழுவதும் எந்தக் கருவியின் விளிம்பு வழியாக வருகிறதோ, அந்தக் கருவி எங்கள் கணக்கிலேயே இல்லை.

காரணம் எளியது. கத்தி எங்களுடையது அன்று, பால்வெட்டுபவருடையது. அவர் வாங்குகிறார், அவர் தீட்டுகிறார், அது எப்போது பயனற்றுப் போயிற்று என்பதையும் அவரே முடிவு செய்கிறார். அந்த முடிவின் விளைவைச் சுமப்பதோ எங்கள் மரம். இந்த ஏற்பாடு தவறு என்பதே எங்கள் கருத்து. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கிழக்கே உள்ள எல்லை ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, தொழில் பிரியவில்லை. இந்தப் பக்கத்து மரத்தை அந்தப் பக்கத்தார் வெட்டுகிறார்கள். அந்தப் பக்கத்து ஷீட் இந்தப் பக்கத்துக் கடையில் தொங்குகிறது. இங்கே பெருந்தோட்டக்காரர்கள் குறைவு. ஐம்பது சென்ட், எழுபது சென்ட், மிஞ்சினால் ஒன்றிரண்டு ஏக்கர் என்பதே பலரின் நிலை. எங்களுடையது எழுபது சென்ட். அதில் நூற்றிருபது மரங்கள் நிற்கின்றன.

ஒருவர் விடிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முந்நூறு முதல் நானூறு மரங்கள் வரை வெட்டலாம். நூற்றிருபது மரத்துக்காக மட்டும் ஓர் ஆள் வரமாட்டார். ஆகவே எங்கள் தோட்டத்தையும் அடுத்த இரண்டு வீட்டாரின் தோட்டங்களையும் சேர்த்து முந்நூற்று முப்பது மரங்களை ஒருவரே வெட்டுகிறார். மறுநாள் அவர் களியக்காவிளையைத் தாண்டி விளவங்கோடு பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போகிறார். அதன் மறுநாள் மீண்டும் எங்களிடம். மழையும் இலையுதிர் காலமும் போக ஆண்டுக்கு 150 நாள் எங்கள் பக்கம் வெட்டு நடப்பதாகக் கொண்டால் 49,500 வெட்டு ஆகிறது. விளவங்கோடு மரங்களையும் சேர்த்தால் ஒரே கத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை பட்டையில் ஓடுகிறது.

அந்த வெட்டு எத்தகையது என்பதை ரப்பர் இல்லாத ஊர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். அமேசான் காட்டில் பழைய நாளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்தின இடமெல்லாம் காயம். காயம் ஆறினால் முண்டு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி 1890களில் வேறு வழி கண்டார். கொத்த வேண்டாம், ஒரே சரிவான கோட்டில், ஒவ்வொரு முறையும் பட்டையின் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும், அடைத்துக்கொண்ட பால்குழல்கள் மீண்டும் திறந்துகொள்ளும், மரமும் பிழைத்திருக்கும். 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் ரப்பர் பயிரிடப்பட்டது முதல் இன்றுவரை கேரளத்தின் ரப்பர்த் தொழில் நிற்பது அந்த மெல்லிய சீவலின் மேல்தான்.

சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஆழமோ அதைவிடக் கண்டிப்பானது. பால்குழல்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, தடியை ஒட்டி, காம்பியம் என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். அதற்கும் முன்பே நின்றால் பால் குறையும். தாண்டிப் போனால் காம்பியம் காயப்படும். அந்த இடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகப் போகும். விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு மரத்துக்குச் சில நொடிகளே செலவிட்டு இந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றும் கைகளை நாங்கள் வணங்குகிறோம். அந்தக் கைகளைக் குறை கூற இக்கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் கத்தி தேய்கிறது. ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு சிறிது போகிறது. கொல்லன் பதம் ஏற்றிய பகுதி உள்ளவரை கூர் நிற்கும். அது தேய்ந்து மென்மையான பகுதிக்கு வந்துவிட்டால் எத்தனை தீட்டினாலும் சில மரங்களுக்குள் மழுங்கிவிடும். இதை எவரும் அறிவர். இதைவிட நுட்பமான தேய்மானம் ஒன்று உண்டு. பால்வெட்டுக் கத்தியின் அலகு நேரானதன்று; மடங்கிய அலகு. மைக்கி கோலெட்ஜ் ஆனாலும் ஜெபோங் ஆனாலும், பட்டையில் பால் வழியும் வாய்க்காலை வெட்டுவது அந்த மடிப்பின் மூலைதான். நாள்தோறும் தீட்டுக்கல்லில் தேய்த்துத் தேய்த்து அந்த மூலை உருண்டுபோகிறது. அலகின் சரிவும் மாறுகிறது. அப்போதும் விரலை வைத்தால் கூர்மை தெரியும். கூர்மை இருக்கிறது, வடிவம் இல்லை. வடிவம் போன கத்தியைக் கொண்டு பழைய ஆழத்தை எட்ட வேண்டுமானால் சீவலைத் தடிப்பாக எடுக்க வேண்டும், அல்லது அழுத்த வேண்டும். முதலாவது பட்டையைத் தின்கிறது. இரண்டாவது காம்பியத்தைத் தொடுகிறது.

எங்கள் தோட்டத்தில் வெட்டுபவர் எங்களைவிட மூத்தவர். அண்ணாச்சி என்றே அழைப்போம். அவருடைய கத்தியின் அலகு பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் கேட்டோம். "கைக்குப் பழகின கத்திய மாத்தினா மரம் பிணங்கும்" என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் கத்தி கைக்குப் பழகியதா, கை கத்திக்குப் பழகியதா என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு மயிரிழை அளவே மாறும் கருவியோடு கையும் மயிரிழை அளவு மாறிக்கொள்கிறது. ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டுமே வேறிடத்துக்கு வந்துவிட்டிருக்கும். நடுவில் எந்த நாளும் தவறான நாளாகத் தோன்றியிருக்காது.

இது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரிய நோய் அன்று. திருவனந்தபுரத்தில் கவடியாரில் பழைய கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. அந்த ஆட்டத்தில் குழிக்கு அருகிலிருந்து பந்தைத் தூக்கி இறக்குவதற்கு வெட்ஜ் என்றொரு மட்டை பயன்படுகிறது. அதன் முகத்தில் மெல்லிய பள்ளக் கோடுகள் இருக்கும். பந்தைப் பற்றிச் சுழற்றி, விழுந்த இடத்திலேயே நிற்கவைக்க அக்கோடுகள் உதவுகின்றன. புல்லிலும் மணலிலும் அடித்து அடித்து அவற்றின் விளிம்பு மழுங்கினால் பந்து நிற்காமல் ஓடும். அந்த விளிம்பின் கூர்மைக்கு அவ்வளவு மதிப்பு என்பதால், உலக அளவில் கோல்ஃப் விதிகளை வகுப்போர் 2010இல் அதற்கு ஒரு வரம்பே விதித்தார்கள். ஆட்டக்காரரோ பந்து ஓடும்போது தம் கையைத்தான் சந்தேகிக்கிறார், மட்டையைச் சந்தேகிப்பதில்லை. ஒரு வேறுபாடு: அவர் இழப்பது ஓர் ஆட்டம். மட்டையும் அவருடையது, ஆட்டமும் அவருடையது. எங்கள் விஷயத்தில் கத்தி ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது.

இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பட்டையில் வெட்டக்கூடிய உயரம் 120 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், ஆண்டுக்கு 150 வெட்டு என்றால் ஆண்டுக்கு 22.5 சென்டிமீட்டர் போகும்; ஒரு பக்கத்துப் பட்டை ஐந்தாண்டு நான்கு மாதம் வரும். சீவல் இரண்டு மில்லிமீட்டராகத் தடித்தால் ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர். அதே பட்டை நான்கே ஆண்டில் தீர்ந்துவிடும். அரை மில்லிமீட்டரின் விலை ஓராண்டு நான்கு மாதப் பால். மரத்தின் இரு பக்கத்துக்கும் சேர்த்தால் இரண்டு ஆண்டு எட்டு மாதம். கத்தியின் விலையோ சில நூறு ரூபாய்.

காயத்தின் கணக்கு இன்னும் கொடியது. ஏனெனில் அது தாமதமாக வருகிறது. இன்று ஒரு பக்கத்தில் பட்ட காயம் இன்றைய பாலைக் குறைப்பதில்லை. அந்தப் பக்கம் முடிந்து, மறுபக்கம் முடிந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பட்டையில் வெட்டத் திரும்பி வரும்போதுதான் முண்டுகள் கத்தியைத் தடுக்கும். அன்றைக்கு வெட்டுபவர் வேறொருவராக இருப்பார். தோட்டமே கைமாறியிருக்கவும் கூடும். வங்கிக் கணக்கில் தேய்மானம் என்று ஒரு சொல் இருக்கிறது. இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் அதை எழுதுகிறோம். கத்தியின் தேய்மானம் எங்கள் ஊரில் கத்தியோடு முடிவதில்லை, மரத்தின் மேல் போய் எழுதப்படுகிறது. நோட்டில் எங்கும் தெரிவதில்லை.

அப்படியிருக்க வெட்டுபவர் ஏன் கத்தியை மாற்றுவதில்லை? ஏன் மாற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்பதே நியாயம். அவருக்குக் கூலி மரத்தின் எண்ணிக்கைக்கு. பட்டையின் ஆயுளுக்கு அன்று. 2011இல் ஷீட் விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்தச் சரிவில் கூலி கொடுத்துக் கட்டுப்படாமல் எங்களில் பலர் பாதிப் பங்குக்கு மாறினோம். பங்கு என்றால் அவரும் தோட்டத்தின் கூட்டாளி என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டோம். அவர் இன்றைய பாலில் கூட்டாளி. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிந்தைய பட்டையில் கூட்டாளி அல்லர். விலை இறங்கிய அந்த நாட்களில் தம் பங்கிலிருந்து புதுக் கத்தி வாங்கியிருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே கத்தியை மரத்தின் உடைமையாளர் வாங்க வேண்டும் என்கிறோம். தேர்ந்தெடுப்பது வெட்டுபவர், விலை கொடுப்பது நாம். எங்கள் மூன்று வீட்டாரும் மரக்கணக்குப்படி பிரித்துக்கொண்டோம்; எங்கள் பங்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஷீட்டின் விலைக்குள் அடங்கிவிட்டது. விளவங்கோட்டுத் தோட்டக்காரரிடம் பங்கு கேட்க எல்லை தாண்டிப் போக எவருக்கும் துணிவில்லை; அவர் மரம் இலவசமாகப் பிழைக்கட்டும்.

எப்போது மாற்றுவது என்பதைக் கத்தியைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதும் எங்களுக்கு இப்போது தெரிகிறது. பட்டையைப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் சில மரங்களில் வெட்டுக்கோட்டின் ஓரத்தில் ஒரு சாயப் புள்ளி வைக்கிறோம். மாத முடிவில் அளக்கிறோம். பதினைந்து வெட்டுக்கு இரண்டேகால் சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கவலையில்லை. மூன்றை நெருங்கினால் பேச வேண்டும். அப்போதும் முதலில் கத்தியைக் குற்றம் சொல்ல வேண்டாம். மரத்தின் கீழே கிடக்கும் சீவலை எடுத்துப் பாருங்கள். எல்லாச் சீவலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் கத்தியின் வடிவம் போயிருக்கிறது. ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் அது கையின் அவசரம். புதுக் கத்தியால் அது தீராது.

அண்ணாச்சி சொன்னதற்கும் இடம் தர வேண்டும். கடையிலிருந்து வரும் புதுக் கத்தி வெட்டுவதற்கு ஆயத்தமாக வருவதில்லை. அரத்தால் ராவி, கல்லில் தீட்டி, வெட்டுபவர் தம் கைக்கு ஏற்றபடி விளிம்பை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் சில நாட்களில் தேர்ந்த கையும் தடுமாறும். பழைய கத்தி செய்யாத காயத்தைப் புதியது செய்துவிடும். கத்தி முற்றிலும் தீர்ந்த நாளில் அவசரமாகப் புதியதை வாங்கி மறுநாளே நல்ல மரத்தில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கத்தி வீட்டில் இருக்க வேண்டும். ஆயுள் முடிந்து அடுத்த ஆண்டு முறித்து விற்கப்போகும் மரங்கள் எந்தத் தோட்டத்திலும் சில இருக்கும். அவற்றில் அதைப் பழக்கலாம்.

இவ்வாண்டு மழைமறைப்பு ஒட்டி முடித்த வாரத்தில் புதுக் கத்தி வாங்கினோம். நோட்டில் அதற்கு ஒரு வரி எழுதியாயிற்று. அண்ணாச்சி அதை இரண்டு மாலை உட்கார்ந்து தீட்டினார்; வேலியோரத்தில் நிற்கும் ஒன்பது கிழட்டு மரங்களில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறார். நல்ல மரங்களுக்கு எப்போது என்று கேட்டால், கர்க்கடக மழை தீரட்டும் என்கிறார். பழைய கத்தி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.